கேமராவுக்குக் கொஞ்சம் மேலே

அத்தியாயம் ஐந்து

அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு உதவியாளர் ஷைமா வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டிவிடுவாள். அன்று அவள் கறிபாப் பலகாரம் வாங்கக் கீழே போயிருந்தாள். லோகேஸ்வரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேராகப் போய் அதில் உட்கார்ந்தார். அழ ஆரம்பித்தார்.

முகுந்தன் தடுக்கவில்லை. நாற்காலி நாற்காலிதான். ஒரு சக்கரம் கிறீச்சிடும். அதில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி குமுதா போன வருஷம் மார்ச்சில் இறந்துபோனாள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்கு மேலே இருந்த அவளுடைய எடிட்டிங் அறைதான் இப்போது அவனுடைய துப்பறியும் ஆபீஸ். வாடகை ஒப்பந்தம் முடியவில்லை, அதனால்தான் காலி செய்யவில்லை என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை.

ஷைமா எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். முகுந்தனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டினான், பரவாயில்லை என்று.

"அக்கா, கறிபாப் சூடா இருக்கு. அழுதுட்டுச் சாப்பிடுறீங்களா, சாப்பிட்டுட்டு அழுறீங்களா?"

லோகேஸ்வரி ஒன்றை வாங்கிக்கொண்டு அழுகையைத் தொடர்ந்தார்.

செந்தூலில் வீடு. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது தொழில். பத்து நாளைக்கு முன் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் மலர்விழி என்ற பெண்ணுக்கு அலங்காரம் செய்தார். சீர்த்தட்டில் வைத்திருந்த ஓர் அட்டிகை அன்று காணாமல் போனது. மூன்றாம் நாள் ஒரு வீடியோ துணுக்கு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவருடைய போன் இரண்டு காரணங்களுக்கு மட்டுமே அடித்தது. புக்கிங்கை கேன்சல் செய்ய, அல்லது திட்ட.

"மாப்பிள்ளையோட அம்மா, இராஜம்மா, காலையில கூப்பிட்டாங்க தம்பி. 'விளக்கு வைக்கிறதுக்குள்ள அட்டிகை வீட்டுக்கு வரணும். இல்லாட்டி போலிஸ் ரிப்போர்ட்'னு சொல்லிட்டாங்க. இல்லாததை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"

ஷைமா துணுக்கை ஓடவிட்டாள். தலைப்பு: கல்யாண வீட்டுத் திருடி, எல்லாருக்கும் அனுப்புங்கள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு சின்ன அறை. பட்டுச் சேலைகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. லோகேஸ்வரி குனிகிறார். அவருடைய கை ஒரு வெள்ளித்தட்டுக்குள் இறங்குகிறது. தட்டில் திறந்த சிவப்பு வெல்வெட் பெட்டி, அதன் மூடி நிமிர்ந்து நிற்கிறது. கை மூடியபடி வெளியே வருகிறது. சட்டென்று அவருடைய மேக்கப் பெட்டிக்குள் போகிறது. எங்கோ மேளம் வாசிக்கிறார்கள். அவ்வளவுதான்.

"ஆத்தாடி, பக்கா கேஸ்," என்றாள் ஷைமா. பிறகு லோகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பார்க்கிறவங்க அப்படிச் சொல்லுவாங்கன்னு சொன்னேன் அக்கா," என்றாள்.

"நான் எடுத்தது ஹேர்பின்மா. என் பின் தட்டுல இருந்து. அதுவும் வெள்ளிக் கலர்தான்."

"சீர்த்தட்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டான் முகுந்தன்.

"அது அந்தப் பக்கம், சுவரோரமா பெஞ்சு மேல. எட்டினாகூட எனக்கு எட்டாது தம்பி. ஆனா இதுல பார்த்தா எனக்கே எட்டுற மாதிரிதான் இருக்கு. அந்தக் கையை நூறு தடவை பார்த்துட்டேன். என் கையாவே தெரியல."

முகுந்தன் துணுக்கை நிறுத்தி, தட்டைப் பெரிதாக்கினான். தட்டின் உள்பக்கம் தெரியவில்லை. விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. லோகேஸ்வரியின் தாடை கீழிருந்து தெரிந்தது. மூக்குத் துவாரங்கள் தெரிந்தன. நல்ல முகம்தான். அந்தப் படத்தில் அது பிள்ளை பிடிக்கிறவளின் முகம்.

'கீழேருந்து எடு, பயமுறுத்துவான். மேலேருந்து எடு, தப்புப் பண்ணவன் மாதிரி இருப்பான். கண்ணுக்கு நேரா எடு, அப்பதான் மனுஷன்.' இது குமுதா சொன்னது. ஒரே மாமாவை மூன்று கோணத்தில் காட்டி, மூன்று தடவையும் முகுந்தனை வேறு வேறு விதமாக நினைக்க வைத்தாள். பாவம், அந்த மாமா பாயசம்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஷைமா, ரெண்டு சில்வர் தட்டு."

"சாப்பாட்டு நேரம்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

ஒரு தட்டை ஸ்டூலில் வைத்து அதில் பேப்பர் கிளிப்புகளைக் கொட்டினான். இன்னொன்றை அறையின் அந்தக் கோடியில் ஜன்னல் திட்டில் வைத்தான். அதில் மீதமிருந்த கறிபாப்பை வைத்தான். இரண்டு விளிம்புகளும் ஒரே கோட்டில் வரும்வரை போனைத் தாழ்த்திக்கொண்டே போய் ஏறக்குறைய தரையில் உட்கார்ந்தான்.

"கிளிப் எடு."

ஷைமா எடுத்தாள். பிறகு மூன்று பேரும் போனில் பார்த்தார்கள். இரண்டு தட்டு ஒரே தட்டாகியிருந்தது. ஷைமாவின் கை அதற்குள் இறங்கி, கறிபாப்பை மறைத்து, மூடியபடி வெளியே வந்தது.

"என்னா பாஸ் இது! நான் தொடவே இல்ல லா. கேமரா திருடிட்டு என் மேல பழி போடுது." அவள் ஜன்னலுக்குப் போய்க் கறிபாப்பை எடுத்துக் கடித்தாள். "பழி வந்தாச்சு. இனிமே சாப்பிடாம இருந்து என்ன பிரயோஜனம்?"

லோகேஸ்வரி பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்திருப்பார் போல. சிரித்ததும் பயந்துவிட்டார். "இதைக் காட்டினா போதுமா தம்பி?"

"போதாது. தட்டு உங்களது, கறிபாப்பும் உங்களதுன்னு இராஜம்மா சொல்லுவாங்க. இதை எடுத்த ஆள் வேணும். அங்க நின்னவங்க யாரு, நிஜமா என்ன பார்த்தாங்கன்னு அவங்க வாயால வரணும்."

"யாரு எடுத்ததுன்னு யாருக்குமே தெரியலையே. யாரோ அனுப்பினதுன்னு சொல்றாங்க."

"அந்த யாரோ தரைக்குப் பக்கத்துல இருந்திருக்காங்க," என்றான் முகுந்தன். "முதல்ல அந்த மண்டபத்துக்குப் போறோம்."

லோகேஸ்வரி வீட்டுக்குக் கிளம்ப எழுந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது. அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் அவன் படியிறங்கினான்.

கொமுட்டர் ரயிலில் கூட்டமில்லை. மதிய வெயில் பெட்டிக்குள் சாய்ந்து விழுந்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இடம் மாறிக்கொண்டது. எதிர் இருக்கையில் ஒரு சீனப் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். முகுந்தன் சத்தத்தை அணைத்துவிட்டுத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளை," என்றாள் ஷைமா. "எங்க அக்கா மவன் உயரம் சரியா இருக்கும். போனைக் கையில கொடுத்தா வாஷிங் மெஷினைக்கூட வீடியோ எடுப்பான்."

"ஆடவே இல்லையே. பிள்ளை எடுத்தா இப்படி நிக்குமா?"

"அப்ப ஸ்டாண்டு."

"ஸ்டாண்டு மூச்சு விடாது. இது விடுது. பாரு, லேசா மேல போகுது, இறங்குது." அவன் துணுக்கின் கடைசிக்கு ஓட்டினான். "இப்ப மேளம் சத்தம் கேக்குது. மாப்பிள்ளை வந்தாச்சு. ரூம்ல இருக்கிற எல்லாப் பொம்பளைங்களும் வாசல் பக்கம் திரும்புறாங்க. கேமரா திரும்புதா?"

"திரும்பல." ஷைமா முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "மாப்பிள்ளையைப் பார்க்கப் பிடிக்காத ஆளோ?"

"இல்லாட்டி, திரும்ப முடியாத ஆள்."

"கழுத்து சுளுக்கின கிழவி. தரையில படுத்துக்கிட்டு. கண்டுபிடிச்சாச்சு பாஸ், வாங்க வீட்டுக்குப் போலாம்."

அவன் சிரிக்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஓராண்டாக அவனிடம் ஜோக் சொல்வது கிணற்றில் கல் போடுவது மாதிரி. சத்தம் வராவிட்டாலும் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அத்தா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வாங்காத வாடிக்கையாளருக்கும் சேலையைப் பிரித்துக் காட்டும் குடும்பம் அது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கமலநாதன் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வாசல் கேட்டைத் திறந்தார். அன்று விசேஷம் எதுவும் இல்லை. காலி மண்டபத்தில் பேசினால் பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"பொண்ணு ரூமா? வாங்க. அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு. எங்க மண்டபத்து சுவர் அழகா விழுந்திருக்குன்னு என் தங்கச்சி சொன்னா."

சின்ன அறை. ஒரு சுவரில் கண்ணாடி. எதிர்ச் சுவரோரம் நீள பெஞ்சு. நடுவில் ஒரு குட்டை ஸ்டூல், முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு முன்னால் சாமான் வைக்க இன்னொரு குட்டை மேசை. வேறு ஒன்றும் இல்லை.

"நாற்காலி எங்க அங்கிள்?" என்றாள் ஷைமா.

"இந்த ரூமுக்குள்ள நாற்காலி விடுறதில்லம்மா. விட்டுப் பார்த்தாச்சு. அத்தைமாரெல்லாம் உக்காந்துருவாங்க. முகூர்த்த நேரம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. ஐயர் அங்க கத்துவாரு, இவங்க இங்க மருமவ கதை பேசுவாங்க. இப்ப பாருங்க, நின்னுக்கிட்டே எவ்ளோ நேரம் பேச முடியும்?"

"பெரிய மூளை அங்கிள் உங்களுக்கு."

"கால்வலியை நம்பி மண்டபம் நடத்துறேன்."

முகுந்தன் பெஞ்சிடம் போனான். வெல்வெட் பெட்டி இருந்த தட்டு இங்கே. பின் தட்டு அந்தக் குட்டை மேசையில். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அவன் இரண்டையும் ஒரு கோட்டால் மனதுக்குள் இணைத்து, அந்தக் கோட்டை அப்படியே நீட்டினான். கோடு நேராகப் போய்க் குட்டை ஸ்டூலில் நின்றது.

"ஷைமா, உக்காரு. போனை மடியில வச்சு, ரெண்டு கையாலயும் பிடி."

அவள் உட்கார்ந்தாள். போனைப் பார்த்தாள். அவளுடைய வாய் கொஞ்சம் திறந்தது. "பாஸ். ஜன்னல் கம்பி, பெஞ்சுக் கால், சுவர்ல அந்தக் கறை. எல்லாம் அதேதான். பூட்டுல சாவி போட்ட மாதிரி இருக்கு."

"நாற்காலி இல்லாத ரூம். எல்லாரும் நிக்கிறாங்க. அப்ப இந்த ஸ்டூல் யாருக்கு?"

கேள்வியை ஷைமாவிடம்தான் கேட்டான். பதில் கமலநாதனிடமிருந்து வந்தது. "இது என்ன கேள்வி தம்பி? கல்யாணப் பொண்ணுக்கு."

ஷைமா சட்டென்று ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"இருங்க, இருங்க," என்றாள் ஷைமா. "பொண்ணு பாத்ரூம் போன நேரத்துல வேற யாராச்சும் உக்காந்திருக்கலாம்ல? ஒரு அத்தைக்குக் கால்வலி. காலி ஸ்டூல். நானா இருந்தா உக்காந்துருவேன்."

முகுந்தன் தன்னுடைய போனில் துணுக்கை ஓடவிட்டு அவளிடம் கொடுத்தான். "கையைப் பார்க்காதே. பத்து நாளா எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தாங்க. அந்த அக்காவும் அதைத்தான் பார்த்தாங்க. நீ மத்தவங்க கண்ணைப் பாரு."

அவள் பார்த்தாள். பச்சைச் சேலைக்காரி கடந்து போகிறாள், ஒரு நொடி இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். மல்லிகைப் பூ கொண்டுவந்த பெண் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு வயதான அம்மா பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கிறார். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாருடைய பார்வையும் கேமராவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே இடத்தில் விழுகிறது.

"கல்யாண வீட்டுல போறவங்க வர்றவங்க எல்லாரும் இப்படிப் பார்க்கிறது ஒரே ஒரு ஆளைத்தான்," என்றான் முகுந்தன்.

ஷைமாவுக்கு உடனே ஜோக் வரவில்லை. "அதான் மேளம் கேட்டும் திரும்பல. பின்னாடி யாரோ சடை தைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. திரும்பினா முடி போயிரும்."

"பொண்ணோட ரூம். படத்துல அத்தை இருக்காங்க, சித்தி இருக்காங்க, பூ கொண்டாந்தவங்ககூட இருக்காங்க. பொண்ணு மட்டும் இல்ல. அதை முதல்லயே கேட்டிருக்கணும்." அவன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். "எடுக்கிறவங்க படத்துல இருக்க மாட்டாங்க."

அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் போனில் ஒரு ஃபோல்டர் முழுக்க அப்படிப்பட்ட வீடியோக்கள். குமுதா எடுத்தவை. ஒன்றில்கூட குமுதா இல்லை. இறந்த வாரத்தில் அவளைப் பார்க்கலாம் என்று ஆசையோடு திறந்தான். எல்லாவற்றிலும் அவனே இருந்தான். மூடிவிட்டான்.

கிள்ளானிலேயே இருந்த இராஜம்மாவின் வீட்டு வாசலில் வாழைக்குலைகள் காய்ந்தும் அவிழ்க்காமல் கட்டியபடியே இருந்தன. அவரும் அப்படித்தான். கல்யாணச் சம்பந்தியின் விறைப்பு இன்னும் கலையவில்லை.

லோகேஸ்வரி அனுப்பிய ஆட்கள் என்றதும், "அட்டிகை கொண்டாந்தீங்களா?" என்றார்.

"அதுக்குத்தான் வந்தோம் ஆன்டி," என்றான் முகுந்தன். "அதுக்கு முன்னாடி மலர்விழிகிட்ட ஒரு விஷயம் கேக்கணும். தனியா."

"என் மருமவகிட்ட கேக்க என்ன இருக்கு? பாவம், செத்துப்போன அவ அம்மா நகை அது. அவளே சாப்பிடாம கிடக்கிறா."

அம்மா நகை. முகுந்தன் அதைக் கேட்டுக்கொண்டான். "அஞ்சு நிமிஷம்."

ஷைமா அதற்குள் சோபாவில் இராஜம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய சேலை முந்தானையைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். "ஆன்டி, இது மதுரைப் பக்கமா? எங்க அத்தா கடையில இந்த நீலம் கேட்டு அலையுறாங்க."

பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள் மலர்விழி. கையில் மருதாணி மங்கியிருந்தது. அவன் தன்னைச் சொல்லிக்கொண்டான். துணுக்கைக் காட்டவில்லை.

"லோகேஸ்வரி அக்கா குனியும்போது உங்க மடியில போன் இருந்துச்சு," என்றான்.

அவள் கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் குத்தப் பார்த்தாள். குத்த முடியவில்லை. அங்கேயே கீழே உட்கார்ந்தாள். நின்றபடி பார்த்தால் அவளுடைய வகிடும் குங்குமமும்தான் தெரிந்தன. மேலிருந்து எடுத்தால் எல்லாரும் குற்றவாளிதான். முகுந்தன் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நான் அக்காவை மாட்டிவிடல," என்றாள். "சத்தியமா இல்ல. அட்டிகை எங்கேன்னு வீடே தேடும்போது, யாரு யாரு ரூம்ல இருந்தீங்கன்னு நாத்தனார் கேட்டாங்க. எனக்குப் பயம். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்ல, பாருங்கன்னு அந்த வீடியோவை அவங்களுக்கு அனுப்பினேன். அவங்க என்னைப் பார்க்கல. அக்கா கையைப் பார்த்தாங்க. சாயங்காலமே ஊர் பூரா போயிருச்சு. நான் அனுப்பினதுன்னு சொல்லவேணாம்னு நான்தான் அவங்ககிட்ட கெஞ்சினேன்."

"அட்டிகை?"

"எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்க வெளிய ஓடினாங்க. அப்பதான் எழுந்து எடுத்தேன். ஒட்டியாணத்துக்குள்ள சொருகிக்கிட்டு மேடைக்குப் போனேன். தாலி கட்டும்போது அது வயித்துல குத்திக்கிட்டே இருந்துச்சு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. காத்திருந்தான்.

"அன்னைக்குக் காலையில அத்தை பெட்டியைத் திறந்து பார்த்தாங்க. 'பழைய மோஸ்தர், உருக்கிப் புதுசா பண்ணிக்கலாம்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. தாலி ஏறுறதுக்கு முன்னாடி நான் எப்படி வேணாம்னு சொல்றது?" அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், அதில் அட்டிகை இருப்பது போல. "அதோட கொக்கி வளைஞ்சு இருக்கும். எனக்குக் கழுத்துக்குப் பின்னாடி கை எட்டாதுன்னு அம்மாதான் போட்டுவிடுவாங்க, கொக்கியைப் பல்லால கடிச்சுத்தான் மூடுவாங்க. பல்லு பட்ட இடம் இன்னும் இருக்கு. உருக்கினா அது போயிரும்ல?"

முகுந்தன் கிறீச்சிடும் ஒரு சக்கரத்தை நினைத்தான். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். அவன் விடவில்லை.

"போயிரும்," என்றான்.

பிறகு சொன்னான்: "செந்தூல்ல ஒரு அக்கா வெளிய தலை காட்ட முடியாம இருக்காங்க. உங்க மாமியார் ரிப்போர்ட் கொடுக்கக் கிளம்பிட்டா, இன்னைக்கு அந்த அக்கா போலிஸ் ஸ்டேஷன்ல நிக்கணும். நான் உள்ள போய் இதைச் சொல்லலாம். நான் சொன்னா, மருமவ திருடி. நீங்க சொன்னா வேற."

அவள் ரொம்ப நேரம் கொடியைப் பார்த்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போனாள். இறங்கும்போது கையில் ஒரு பழைய ரவிக்கை, சுருட்டிய மூட்டையாக.

அவளேதான் சொன்னாள், ஹாலில், எல்லாருக்கும் முன்னால். ரவிக்கையைப் பிரித்து டீப்பாயில் வைத்தாள். அட்டிகை வெளியே வந்தது. இராஜம்மா அதைத் தொடவில்லை. அவருடைய முகம் இரண்டு மூன்று விதமாக மாறியது.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

"பயமா இருந்துச்சு அத்தை."

"என்னைப் பார்த்தா?"

மலர்விழி தரையைப் பார்த்தாள். அந்தப் பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தார். "இது வெளிய தெரிஞ்சா ஊரே என் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்குமே, தம்பி."

"ஊரு இப்ப சிரிக்கல ஆன்டி. ஒருத்தரைத் திருடின்னு சொல்லுது. அது உங்க வீட்டுப் போன்லேருந்துதான் போச்சு."

இராஜம்மா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிடவில்லை, மகளைக் கூப்பிடவில்லை. தன் போனை எடுத்தார். "வீடியோவால போன பேரு வீடியோவாலதான் வரணும். மலர், உக்காரு. நான் எடுக்கிறேன். நடந்ததை நடந்த மாதிரி சொல்லு."

மலர்விழி சோபாவில் உட்கார்ந்தாள். இராஜம்மா நின்றபடி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். திரையில் மலர்விழி ஒரு பெரிய சோபாவின் மூலையில் சுருங்கிப்போன சின்ன உருவமாகத் தெரிந்தாள்.

"ஆன்டி, ஆன்டி," என்றாள் ஷைமா. "இது மன்னிப்பு வீடியோ லா, சிசிடிவி இல்ல. அப்படிப் பிடிச்சா நாளைக்கு இவங்களைத் திருடின்னு அனுப்புவாங்க. நாம திரும்பக் கிள்ளானுக்கு டிக்கெட் எடுக்கணும்."

முகுந்தன் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டான். "உக்காந்து எடுங்க. அவங்க கண்ணுக்கு நேரா."

இராஜம்மா உட்கார்ந்தார். போனைத் தாழ்த்தினார். மருமகளின் முகம் அவருடைய முகத்துக்கு எதிரே வந்தது. கல்யாணம் ஆகி இத்தனை நாளில் அப்படி ஒரு நேரான பார்வை அந்த வீட்டில் நடக்கவில்லை போலிருக்கிறது. இராஜம்மாதான் முதலில் மூக்கை உறிஞ்சினார். "சொல்லுமா," என்றார்.

சொன்னாள். தலைப்பு எதுவும் போடாமல் எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார்கள். வாசலில் விளக்கு ஏற்றும் நேரத்தில் லோகேஸ்வரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். மலர்விழி பேசினாள். இணைப்பு போய்விட்டதோ என்று ஷைமா போனை எடுத்துப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு அழக்கூடாது, மை கலையும்னு சொன்னேன்ல பொண்ணு," என்றார் லோகேஸ்வரி கடைசியில். "இன்னைக்கு அழு. இன்னைக்கு நானும் நல்லா அழுவேன். உன்னைப் பத்தி வேற ஒண்ணும் சொல்ல எனக்கு இப்ப வாய் வரல."

வைத்துவிட்டார்.

திரும்பும்போது சுபாங் ஸ்டேஷனில் ஷைமா இறங்கிக்கொண்டாள். அங்கே அக்கா வீடு. "சாப்பிட வாங்க பாஸ், நெய்ச்சோறு" என்றாள், எப்போதும் போல. அவனும் எப்போதும் போல, "இன்னொரு நாள்" என்றான். கதவு மூடும்போது அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கறிபாப் சாப்பிடுவது போலச் சைகை செய்தாள். அவனுடைய உதடு கொஞ்சம் அசைந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்திலேயே நின்றாள்.

பெட்டியில் விளக்கு வெளிச்சம். எதிர் இருக்கை காலி.

முகுந்தன் தன் போனில், குமுதாவின் வீடியோக்கள் இருந்த ஃபோல்டரைத் தேடினான். அன்றைக்கு மூடியதற்குப் பிறகு திறக்கவில்லை. ஒன்றைத் தட்டினான். வீட்டுச் சமையலறை. அவன் வெங்காயம் உரிக்கிறான், படுமோசமாக உரிக்கிறான். சத்தமில்லை, அவள் சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிடுவாள், பிறகு பாட்டுப் போடலாம் என்று. படம் லேசாக மேலே போய் இறங்குகிறது. மூச்சு.

வீடியோவிலிருந்த முகுந்தன் தலையைத் தூக்கினான். என்னவோ சொல்லிச் சிரித்தான். அவன் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தான்.

நிறுத்தினான். அடுத்ததைத் திறந்தான். பத்துமலைப் படிக்கட்டு. அதற்கடுத்தது. மழை, பஸ் ஸ்டாப். எல்லாவற்றிலும் அவன்தான் இருந்தான். எல்லாவற்றிலும் அவனுடைய கண்கள் அதே இடத்துக்குப் போயின. அன்று அவன் இந்தப் படங்களில் அவளைத் தேடினான். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒவ்வொரு படத்திலும் அவனே காட்டிக்கொண்டிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கட்டடங்கள் ஜன்னலில் வர ஆரம்பித்தன. சென்ட்ரலில் இறங்கவேண்டியவர்கள் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். முகுந்தன் எழுந்திருக்கவில்லை. போனை மடியில் வைத்தான். அதற்குக் கொஞ்சம் மேலே, காலியாக இருந்த எதிர் இருக்கையை, ரயில் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.